ராக்கருக்கு ஆயில் கடைசியாகத்தான் வரும்

"டேப்பெட் சத்தம் ஓவரா இருக்குண்ணா, கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்க." சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை நம்பிப் பிழைக்கும் வேலூர்ப் பக்கத்து லாரிப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மெக்கானிக் மேல் கவரைக் கழற்றுவார், வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை நுழைப்பார், ஸ்க்ரூவைத் திருப்பி இடைவெளியைக் குறைத்து நட்டை இறுக்குவார். சத்தம் குறையும், டிரைவர் கிளம்பிவிடுவார். சத்தம் ஏன் வந்தது என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சில மாதம் கழித்து அதே வண்டி வரும். இந்த முறை ராக்கர் செட்டையே மாற்றுவார்கள். அப்புறம் கொஞ்ச நாளில் புது ராக்கரும் தேயும்.

வால்வை இயக்கும் பாகங்களைப் பொறுத்தவரை, தேய்ந்ததை மாற்றுவது பாதி வேலைதான். அந்த இடத்துக்கு ஆயில் வந்ததா, வராவிட்டால் எங்கே நின்றது என்று தேடுவது மீதிப் பாதி. நம் பட்டறைகளில் முதல் பாதியில் கை தேர்ந்தவர்கள் நிறைய உண்டு. இரண்டாவதற்கு நேரம் ஒதுக்குகிறவர்கள் குறைவு. வாடிக்கையாளரும் அதற்குக் கூலி தர யோசிக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் அங்கே நடக்கும் வேலையின் அளவைப் பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், கேம் என்ற மேடுகளைக் கொண்ட கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். வேலூரிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரம், சராசரியாக 1,800 ஆர்பிஎம்மில் ஒரு லாரி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வால்வும் ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் திறந்து மூடியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கேம் டேப்பெட்டைத் தள்ள, டேப்பெட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, ராக்கரின் மறுமுனை வால்வின் தலையில் இறங்கி, ஸ்பிரிங்கை அமுக்கித் திறக்கிறது. இந்தச் சங்கிலியில் உலோகம் உலோகத்தைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ஆயில் இருந்தாக வேண்டும்.

அந்த ஆயில் வரும் வழி நீளமானது. அடியில் ஆயில் தேங்கும் சம்ப், சல்லடை, பம்ப். பம்பிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து பிளாக்கின் நீளத்துக்கு ஓடும் ஆயில் பாதையான மெயின் கேலரி. கேலரியிலிருந்து முதலில் கிராங்கின் மெயின் பேரிங்குகளுக்குப் போகும், அங்கிருந்து பெரும்பாலும் கேம் ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையங்களான புஷ்களுக்கு. பல இன்ஜின்களில் ஒரு கேம் புஷ்ஷிலிருந்துதான், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு ஏறும் ஒரே ஒரு சின்னத் துளை தொடங்குகிறது. ஹெட் கேஸ்கெட்டில் இருக்கும் ஓட்டை வழியாக ஏறி, ஒரு ராக்கர் தாங்கிக்குள் புகுந்து, குழலாக இருக்கும் ராக்கர் ஷாஃப்ட்டை நிரப்பி, ஒவ்வொரு ராக்கருக்கும் நேரே உள்ள துளை வழியாகக் கசிந்து, ராக்கரின் இரு முனைக்கும் வந்து சொட்டுகிறது. சில இன்ஜின்களில் புஷ் ராடே குழலாக இருந்து அதன் வழியாக ஆயில் ஏறும். எப்படியானாலும், வேலை முடிந்த ஆயில் புஷ் ராடு ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கி, போகிற போக்கில் டேப்பெட்டையும் கேமையும் நனைத்துவிட்டு சம்புக்குத் திரும்பும்.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ராக்கர் இருப்பது கடைமடையில். மதகில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அது. மேல்மடையில் ஒருவர் வரப்பு உடைந்து தண்ணீர் வீணாகப் போனாலும் காய்வது அதுதான். ராக்கர் ஷாஃப்ட்டில் முன்பக்கத்து ராக்கர் புஷ் தேய்ந்து அகன்றுவிட்டால் ஆயில் அங்கேயே கொட்டிவிடும், கடைசி சிலிண்டரின் ராக்கர் வறண்டு கிடக்கும். சத்தம் பின்னாலிருந்து வரும், தப்பு முன்னால் இருக்கும்.

டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் சரியாகக் காட்டுகிறதே என்று டிரைவர் கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேஜின் சென்சார் பெரும்பாலும் மெயின் கேலரியில்தான் இருக்கிறது. ஹெட்டுக்கு ஏறும் துளை முழுக்க அடைத்துக்கொண்டாலும் கேலரியில் பிரஷர் குறையாது. ஆகவே முள் நிமிர்ந்து நிற்கும்போதே ராக்கர் காயலாம். மேல் கவரைத் திறந்து பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பழைய வட ஆர்க்காடு கிணற்றுப் பாசன மாவட்டம். மின்கம்பி வராத கொல்லைகளில் ஆயில் இன்ஜின்தான் தண்ணீர் இறைத்தது. நிமிடத்துக்கு 650 சுற்று போல மெதுவாக ஓடும் பழைய லிஸ்டர் வகை ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் ராக்கருக்கு பம்ப் வழியே ஆயில் வராது. இயக்குகிறவர் எண்ணெய்க் குப்பியை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இப்போது பார்த்தால் பின்தங்கிய ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. தினமும் ஒருவர் ராக்கரைக் கண்ணால் பார்த்தார். ஸ்பிரிங் உடைந்தாலோ ராக்கர் ஒரு பக்கம் சாய்ந்தாலோ அன்றைக்கே தெரிந்துவிடும். கவர் போட்டு மூடிய பிறகு அந்தப் பார்வை போய்விட்டது.

ராக்கர் புஷ், கேம் புஷ் போன்ற இடங்களில் ஆயில் ஒரு படலமாக நின்று இரண்டு உலோகத்தையும் பிரித்து வைக்கிறது. கேமின் மூக்கும் (துருத்திய உச்சி) டேப்பெட்டின் முகமும் சந்திக்கும் இடம் அப்படியில்லை. அங்கே மெல்லிய ஒரு கோட்டின் மேல் ஸ்பிரிங்கின் மொத்த விசையும் விழுகிறது, ஆயில் படலம் ஒரு மைக்ரானுக்கும் கீழே போய்விடுகிறது. வேகம் குறையக் குறைய படலம் இன்னும் மெலிகிறது. வேகமாக ஓடும்போதாவது டேப்பெட்டின் எடை ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும், ஐடிலில் அதுவும் கிடையாது. ஆகவே சுங்கச்சாவடியிலும் கம்பெனி வாசலிலும் மணிக்கணக்கில் இன்ஜினை ஐடிலில் விடுவது கேமுக்கு ஓய்வு என்று நினைப்பது தவறு. நெடுஞ்சாலை ஓட்டத்தைவிட அதற்கு ஐடில்தான் கஷ்டம்.

படலம் போதாத இந்த இடத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் வேதிப்பொருள். துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளை 1940களிலிருந்து இன்ஜின் ஆயிலில் சேர்த்து வருகிறார்கள். உரசும் இடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் அது உடைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பூச்சாகப் படிகிறது. கேமுக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேய்ந்து, மறுபடி உருவாகிறது. பாஸ்பரஸ் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், இன்றைய பெட்ரோல் கார் ஆயில்களில், குறிப்பாக மெல்லிய கிரேடுகளில், அதை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். கேமின் மேல் உருளும் உருளை டேப்பெட் இருக்கும் புது இன்ஜினுக்கு அது போதும். கேமின் மேல் உரசும் தட்டை டேப்பெட் உள்ள பழைய ஜீப்புக்கு, விலை அதிகம் என்பதற்காகப் புதுக் கார் ஆயிலை ஊற்றுவது உபகாரம் ஆகாது.

டீசலில் இன்னொரு எதிரி கரி. எரிந்து மிஞ்சும் கரித்துகள் ஆயிலில் கலந்து அந்தப் பூச்சைச் சுரண்டுகிறது. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே விடும் ஏற்பாடு வந்த பிறகு ஆயிலில் கரி கூடியது. இதை ஆயில் தரம் வகுப்பவர்கள் அறிந்தே இருக்கிறார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) வகுத்து 2002இல் வந்த சிஐ-4 என்ற டீசல் ஆயில் தரத்துக்கான சோதனைகளில் ஒன்றில், இரண்டு வால்வுகளைச் சேர்த்து அழுத்தும் பாலத்தை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை போட்டு எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்கிறார்கள். ஆயில் கேனில் எழுதியிருக்கும் அந்தச் சின்ன எழுத்துகளுக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது. 15டபிள்யூ-40 என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

கெட்டித்தன்மை பற்றியும் ஒரு வார்த்தை. சத்தத்தை அடக்கக் கெட்டியான ஆயில் ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு, வேலூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் லாயக்கு என்று காரணமும் சொல்வார்கள். மே மாதத்தில் வெளியே 42 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்குள் ஆயிலின் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் சரியாக இருந்தால் கிரேடை மாற்றக் காரணமில்லை. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் தாமதமாகும். தேய்மானத்தில் ஒரு பங்கு அந்த முதல் சில நொடிகளில் நடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தொழிற்சாலைகளில் மின்வெட்டுக்காகக் காத்திருக்கும் ஜெனரேட்டர்களின் நிலை இன்னும் மோசம். வாரக்கணக்கில் நின்றதில் ஹெட்டிலிருந்த ஆயிலெல்லாம் வடிந்திருக்கும், ஸ்டார்ட் ஆனதும் நேராக 1,500 ஆர்பிஎம்.

வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு மட்டும் தனி ரகம். அதற்கு ஆயில் வேண்டும், ஆனால் மிகக் கொஞ்சம். அதிகம் இறங்கினால் எரிந்து புகையாகும், கரியாகும். ஒன்றுமே இறங்காவிட்டால் வால்வின் தண்டு கைடில் பிடித்துக்கொள்ளும். அந்தக் கொஞ்சத்தை அளந்து விடுவதுதான் வால்வு சீலின் வேலை. பெட்ரோல் வண்டியில் கைடும் சீலும் எப்படி இருக்கின்றன என்று அறிய நம் பக்கத்தில் ஒரு வசதியான இடம் இருக்கிறது: ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஆக்சிலேட்டரை விட்டு கியரிலேயே இறங்கினால் காற்று நுழையும் இன்டேக்கில் வெற்றிடம் அதிகமாகி, தேய்ந்த கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். அடிவாரத்துக்கு வந்து ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் பின்னால் நீலப் புகை ஒரு குப்பென்று வந்து அடங்கினால், சந்தேகம் கைடின் மேலும் சீலின் மேலும். மேடு ஏறும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங்கைப் பார்க்க வேண்டும்.

சரி, சோதனைக்கு வருவோம். எதையும் கழற்றுவதற்கு முன்பே பாதி விஷயம் கண்ணில் பட்டுவிடும். மேல் கவரின் உட்புறம் எப்படி இருக்கிறது? பழுப்புப் பூச்சு இருந்தால் ஆயில் சூட்டில் வெந்திருக்கிறது. கறுப்புக் களிம்பாகக் கசடு இருந்தால் ஆயில் மாற்றம் தள்ளிப்போயிருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மற்ற ராக்கரெல்லாம் பளபளவென்று நனைந்திருந்து ஒன்று மட்டும் நீலம் பாரித்தோ துரு நிறத்திலோ இருந்தால் அங்கே ஆயில் வரவில்லை. புஷ் ராடு இன்ஜினாக இருந்தால் கவர் இல்லாமலே ஐடிலில் ஓட விட்டு ஒவ்வொரு ராக்கரிலும் சொட்டு வருகிறதா என்று பார்க்கலாம். பீய்ச்சி அடிக்க வேண்டியதில்லை, சீராகக் கசிந்தால் போதும். கேம் ஹெட்டிலேயே இருக்கும், செயின் போட்ட மேல்-கேம் இன்ஜினில் இப்படிச் செய்தால் பட்டறைக் கூரை வரை ஆயில் அடிக்கும். அதில் ஸ்டார்ட் ஆக விடாமல் சுற்றிப் பார்ப்பதே புத்தி.

அடுத்து ராக்கருக்கும் வால்வுத் தலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. ஆறு சிலிண்டர் இன்ஜினில் எரியும் வரிசை 1-5-3-6-2-4 என்றால், 6ஆம் சிலிண்டரில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கத் தொடங்கும் நேரத்தில் 1ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் முழுதாக மூடியிருக்கும். 5-க்கு 2, 3-க்கு 4. ஜோடி எப்போதும் கூட்டி ஏழு வரும், நான்கு சிலிண்டரில் ஐந்து. பழைய கைகள் இதை யோசிக்காமலே செய்வார்கள். அளவு இன்ஜினைப் பொறுத்தது. லாரி டீசலில் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மி.மீ. வரை, சின்ன பைக்கில் 0.05 முதல் 0.1 வரை. இன்டேக் வால்வைவிட, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு அதிகம் இருப்பது வழக்கம். ஆறிய இன்ஜினுக்கான அளவென்று புத்தகம் சொன்னால், சாப்பாட்டு நேரத்தில் நெடுஞ்சாலையிலிருந்து இறக்கிய வண்டியில் அதை வைக்கக் கூடாது. டிரைவர் அவசரப்படுத்தத்தான் செய்வார்.

ஃபீலர் கேஜும் ஏமாற்றும். ராக்கர் முனையில் வால்வுத் தலை அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தால் தட்டையான தகடு பள்ளத்தின் இரு கரையிலும் பாலம் போல உட்காரும். பள்ளத்தின் ஆழம் 0.15 என்றால், 0.30 என்று வைத்த இடைவெளி உண்மையில் 0.45. எவ்வளவு செட் செய்தாலும் சத்தம் போகாததற்கு இது ஒரு பெரிய காரணம். நகத்தால் தடவினாலே பள்ளம் தட்டுப்படும்.

ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்றினால் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள், சுமை விழுவது அங்கேதான். மேல்பக்கம் புதிது போல இருக்கும்போதே அடியில் படி விழுந்திருக்கும். மைக்ரோமீட்டரில் தேயாத இடத்தையும் தேய்ந்த இடத்தையும் அளந்து கழித்தால் கணக்கு தெரிந்துவிடும். புஷ் ராடைக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டினால் வளைவு தெரியும், குழல் ராடாக இருந்தால் காற்று அடித்துப் பார்க்க வேண்டும்.

தட்டை டேப்பெட்தான் அதிகம் பேசும் பாகம். அதன் முகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்தும், கேமின் மூக்கு கொஞ்சம் சரிந்தும் செய்யப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து, ஒவ்வொரு தள்ளலிலும் டேப்பெட்டைக் கொஞ்சம் சுழல வைக்கும். சுழன்ற டேப்பெட்டின் முகத்தில் வட்டவட்டமாகத் தடம் இருக்கும், அது ஆரோக்கியம். குறுக்கே ஒரு பட்டையாகத் தடம் இருந்தால் அது சுழலாமல் நின்றுவிட்டது, அதற்கு நேரே உள்ள கேம் மூக்கும் போயிருக்கும். கருவி இல்லாவிட்டால் இரண்டு டேப்பெட்டுகளை முகத்தோடு முகம் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நல்லவையானால் லேசாக ஆடும், ஓரத்தில் வெளிச்சம் தெரியும். ஆடாமல் உட்கார்ந்தால் குழிந்துவிட்டது என்று அர்த்தம். பழைய டேப்பெட்டைப் புது கேமில் போடுவது, மிச்சப்படுத்திய காசைவிட அதிகம் செலவு வைக்கும்.

கேமைக் கழற்றாமலே சோதிக்க, புஷ் ராடு மேல் டயல் கேஜை வைத்துச் சுற்றி ஒவ்வொன்றும் எவ்வளவு உயர்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். எல்லா இன்டேக்கும் ஒரே அளவு வர வேண்டும், எல்லா எக்ஸாஸ்டும் அப்படியே. ஒன்று மட்டும் குறைந்தால் அந்த மூக்கு தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கில் நின்ற உயரம், நேராக நிற்கிறதா, குறித்த உயரத்துக்கு அமுக்க எவ்வளவு விசை என்ற மூன்றைப் பார்த்தால் முடிந்தது. வால்வுத் தண்டை மூன்று இடத்தில் அளக்க வேண்டும், பெரும்பாலும் கைடின் இரு வாய்க்கு நேரே தேய்ந்திருக்கும்.

சத்தம் வந்தால் கவலை, வராவிட்டால் நிம்மதி என்ற நினைப்பு இங்கேதான் இடறுகிறது. கேம், டேப்பெட், ராக்கர் தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தம் வரும். வால்வும் அது உட்காரும் சீட்டும் தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் புதையும், தண்டின் தலை மேலே ஏறும், இடைவெளி குறையும். இன்ஜின் அமைதியாகிக்கொண்டே போகும். ஒருநாள் இடைவெளி பூஜ்யமாகி வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வில் சீட்டின் மேல் உட்காரும் அகன்ற முனை 700 டிகிரிக்கு மேல் சூடாகும், அந்தச் சூட்டில் முக்கால் பங்கு சீட்டைத் தொடும் நேரத்தில்தான் இறங்குகிறது. தொடாவிட்டால் ஓரம் கருகிப் பிளந்துவிடும். இரண்டு பக்கத் தேய்மானமும் சேர்ந்து நடந்தால் ஒன்றையொன்று மறைத்து, ஃபீலர் கேஜ் சரியான அளவையே காட்டும். டைட் வைத்துக் கொடுங்கள் என்று கேட்பது இந்த ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குவது.

கேஸில் ஓடும் ஆட்டோக்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயமே சீட்டுக்கு மெத்தையாக இருந்தது. 2000இல் நாடு முழுக்க அது நின்றபோது கடினமான சீட்டுகள் வந்தன. கேஸில் பெட்ரோல் தரும் சிறு ஈரமும் கிடையாது. ஆகவே சத்தமே இல்லாவிட்டாலும் கேஸ் வண்டியின் இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள வண்டிகளில் ஆயில் அழுத்தமே இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. அங்கே பார்க்க வேண்டியது ஆயிலின் சுத்தம். ராணிப்பேட்டையில் 2021இல் தொடங்கிய ஆலையிலிருந்து வரும் மின் ஸ்கூட்டர்களில் வால்வே கிடையாது என்பது வேறு கதை.

ஆயில் வரவில்லை என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடங்கள் சிலதான். ஹெட் கேஸ்கெட் வேறு மாடலுடையதாக இருந்து ஆயில் ஓட்டை பொருந்தாமல் போயிருக்கலாம். கேஸ்கெட்டுக்குப் பூசிய பேஸ்ட் பிதுங்கித் துளையை மூடியிருக்கலாம். கேம் புஷ் மாற்றியபோது அதன் ஓட்டையும் பிளாக்கின் ஓட்டையும் நேராக வராமல் இருந்திருக்கலாம். ராக்கர் ஷாஃப்ட்டைத் தலைகீழாகவோ முன்பின்னாகவோ போட்டிருக்கலாம், கழற்றும்போதே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு அடையாளம் போட்டால் தீர்ந்தது. ஷாஃப்ட்டின் முனை மூடி கழன்று எல்லா ஆயிலும் ஒரு பக்கமே கொட்டியிருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் ஷாஃப்ட்டுக்குள் கசடுதான். வெளியே டீசல் விட்டுக் கழுவினால் போகாது. இரு முனை மூடியையும் எடுத்து உள்ளே கம்பி பிரஷ் விட வேண்டும்.

மறுபடி பூட்டும்போது கேம் மூக்கிலும் டேப்பெட் முகத்திலும் கெட்டியான அசெம்பிளி பேஸ்ட் தடவுங்கள். ராக்கரிலும் வால்வுத் தலையிலும் குப்பியால் ஆயில் விடுங்கள். டீசல் போகாமல் நிறுத்திவிட்டு, எல்லா ராக்கரிலும் ஆயில் தெரியும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். தட்டை டேப்பெட்டோடு புது கேம் போட்டிருந்தால் முதல் இருபது நிமிடம் ஐடிலில் விடாமல் 1,500-க்கும் 2,000-க்கும் இடையில் ஓட்டுங்கள். ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லும் இன்ஜினாக இருந்தால், இறுக்கிய பிறகு இடைவெளியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கவரை மூடுங்கள்.